பேர் போடாமல் செய்கிறவர்கள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

புடு பசார் பையன்:
அப்பா கோலாலம்பூர் புடு பசாரில் காய்கறிக் கடை வைத்திருந்தார். வாரம் ஒருநாள் வெள்ளை அங்கியில் ஒரு சிஸ்டர் வேனில் வந்து இறங்குவார். செராஸில் முதியோர் இல்லம் நடத்துகிற 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' என்ற கத்தோலிக்கக் கன்னியர் சபையைச் சேர்ந்தவர். நிலையான வருமானத்தை நம்பாமல் கேட்டு வாங்கியே இல்லம் நடத்துவது அவர்கள் வழக்கம். அப்பாவோ பத்துமலைக்குக் காவடி எடுக்கிறவர். "சிஸ்டர், பசியாறிட்டீங்களா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்.

சிஸ்டர் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து தக்காளியைப் பிரிப்பார். அடிபட்டது அவர் பைக்கு, நல்லது கடைக்கு. "இது விலைக்குப் போகட்டும்ணே, எங்களுக்குச் சூப்புக்கு இது போதும்." அப்பா விடுவாரா? அவர் திரும்புகிற நேரம் பார்த்து நாலு முருங்கைக்காயைப் பைக்குள் செருகிவிடுவார். ஒருநாள் பக்கத்துக் கடைக்காரர், "கேட்டு வாங்குறதுக்கு வேன் வேற" என்று காதில் விழும்படியே சொன்னார். சிஸ்டர் நேரே அவரிடம் போய், "அங்கிள், பரங்கிக்காய் இருக்கா?" என்றார். கொடுக்கவில்லை. அடுத்த வாரமும் போய்க் கேட்டார்.

செந்தூல்காரி:
முதியோர் இல்லம் ஒன்றில் சனிக்கிழமைகளில் உதவிக்குப் போகிறேன். அங்கே ஒரு பாட்டி, ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினவர். நகம் கொம்பு மாதிரி தடித்திருக்கும். வெந்நீரில் ஊறவைத்துத்தான் வெட்டணும். ஞாபகம் போய்விட்டது, "யாருடி நீ, வளையலைக் கழட்ட வந்தியா?" என்று கையை உதறுவார். ஊழியம் பார்க்கிற அக்கா, "ஆமா ஆயா, முதல்ல நகத்தைக் கழட்டிக்கிறேன்" என்பார். பாட்டி சிரித்துவிடுவார். நன்றி எதிர்பார்த்தால் அங்கே ஒரு நாள் தாங்காது.

ராசு:
நம்ம கோவில்ல ஃபேனுக்கு ஃபேன் 'உபயம் இன்னார்' என்று எழுதியிருக்கே! சுத்தும்போதுதான் பேர் மறையுது 😄 "கொடையாகப் பெற்றீர்கள், கொடையாகவே வழங்குங்கள்" என்பது மத்தேயு 10:8.

பிரிக்பீல்ட்ஸ் வாத்தியார்:
ராசு, அந்தச் செராஸ் சிஸ்டர்களின் சபையைத் தொடங்கிய ழான் ஜுகான் என்ற அம்மாவின் கதை தெரியுமா? 1839 குளிர்காலத்தில், பிரான்சில், கண் தெரியாத ஒரு கிழவியைத் தூக்கி வந்து தன் படுக்கையைக் கொடுத்தவர். நாலே வருஷத்தில் அவருடைய தலைமைப் பொறுப்பை ஒரு குருவானவர் பறித்துவிட்டார். 1852க்குப் பிறகு 1879இல் சாகும்வரை ழான் ஒதுக்கமாகவே வாழ்ந்தார். கூடவே இருந்த இளம் சிஸ்டர்களுக்கு, சபையைத் தொடங்கினவர் இவர்தான் என்பதே தெரியாது. புனிதர் பட்டம் 2009இல்தான். பறித்தவர்மேல் எனக்கு இன்னும் கோபம். ழான் கோபப்படாததுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ராசு:
இது தெரியாது சார். செராஸ் இல்லத்துக்குப் போகலாம்னு இருக்கேன். என்ன வாங்கிட்டுப் போகலாம்?

செந்தூல்காரி:
முதல்ல போன் பண்ணிக் கேளுங்க. எல்லாரும் பிஸ்கட்டே கொண்டு போவாங்க. பெரியவங்க பேம்பர்ஸ்தான் இந்த மாதிரி இடங்கள்ல சீக்கிரம் தீரும்.