டிராக்கில் ஆயில் பிரஷர் இறங்குகிறது: எந்த கிரேடு ஊற்றலாம்?

வண்டி 2018 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார், 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல். இப்போது இருப்பது 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக் எஞ்சின் ஆயில். சென்னை டிராஃபிக்கில் ஒரு தொந்தரவும் இல்லை. ஏப்ரலிலிருந்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் விரட்டும்போதுதான் சிக்கல். சில சுற்றுகளிலேயே ஆயில் 130 டிகிரியைத் தாண்டுகிறது, பிரஷர் முள் மெல்ல மெல்லச் சரிகிறது. பிட்டில் ஐடிலில் நிற்கும்போது பார்க்கவே பயமாக இருக்கிறது. சூடு தணிந்தால் பழையபடி ஏறிவிடும்.

புது ஆயில், புது ஃபில்டர், புது பிரஷர் சென்சார் எல்லாம் போட்டாயிற்று. டிப்ஸ்டிக்கில் மேல்கோடு வரை ஆயில் இருக்கிறது. நடுவில் கூலிங் சுற்றும் விட்டுப் பார்த்தேன், பலனில்லை.

மெக்கானிக் 10டபிள்யூ-60 என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு; நம் ஊர் வெயிலுக்கு அது பெரிய விஷயமில்லை, சரி. ஆனால் பின்னால் உள்ள எண் சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மைக்கு: 60 கிரேடு 100 டிகிரியில் குறைந்தது 21.9 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு); 30 கிரேடு 12.5ஐத் தாண்டாது. தினமும் ஆபீஸ் போகும் வண்டிக்கு அவ்வளவு கெட்டி வேண்டுமா?

இதே எஞ்சினை நம் வெயிலில் டிராக்கில் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்: 5டபிள்யூ-40 போதுமா, 5டபிள்யூ-50க்கே போக வேண்டுமா?