ரூட் கேனலில் எந்தப் பசை? சுங்கை சிப்புட்டிலிருந்து என் அனுபவம்

ரூட் கேனலில் வேரை அடைக்க பயோசெராமிக் என்ற புதுவகைப் பசை போட்டால்தான் பல் நிலைக்குமா, பழைய பசை போதாதா என்று இங்கே சிலர் கேட்டிருந்தீர்கள். என் மேல் கடைவாய்ப் பல் ஒன்றில் இரண்டையும் போட்டாயிற்று, அதனால் எழுதுகிறேன்.

முதல் தடவை எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கிளினிக்கில். துத்தநாக ஆக்சைடும் யூஜெனாலும் கலந்த பசை. யூஜெனால் கிராம்பு எண்ணெயில் இருப்பதுதான், அன்று முழுக்க வாயில் கிராம்பு வாசம். சில வருஷம் தொல்லையில்லை. அப்புறம் கடித்தால் வலி, ஈறில் சின்னக் கொப்புளம். ஈப்போவில் நிபுணரிடம் போய், பசை கரைந்துவிட்டதா என்று கேட்டேன். "அக்கா, பசை மேல பழி போடாதீங்க, வேருக்குள்ள ஒரு கால்வாயை யாரும் தொடவே இல்ல" என்று திரையில் காட்டினார். மேல் முதல் கடைவாய்ப் பல்லில் கன்னத்தை ஒட்டிய முன்வேரில் பெரும்பாலும் இரண்டு கால்வாய் இருக்குமாம், இரண்டாவது மிக மெல்லியது, மைக்ரோஸ்கோப் இல்லாவிட்டால் சுலபமாகத் தப்பிவிடும். கிருமி அங்கேதான் குடியிருந்தது.

எந்தப் பசையானாலும் வேரை நிரப்புவது பொதுவாகக் கட்டா பெர்ச்சா குச்சிதான். நம் மலாய் தீபகற்பக் காட்டு மரத்தின் பாலில் கிடைப்பது, ரப்பருக்கு வேதியியலில் பங்காளி. 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிக்கு உறையாகப் போனதும் இதுதான். பால்மரம் வெட்டிய குடும்பம் எங்களுடையது, நிபுணர் சொல்லச் சொல்ல ஆசையாகக் கேட்டேன். ஆனால் இந்தக் குச்சி பல் சுவரில் தானாக ஒட்டாது, இடுக்கை அடைக்கத்தான் பசை.

யூஜெனால் பசை ஈரத்தில் மெல்லக் கரையும். எபாக்சி ரெசின் பசை கரைவது குறைவு, நீண்ட காலம் பார்த்துப் பழகிய சரக்கு. பயோசெராமிக் கால்சியம் சிலிகேட் வகை, பல்லுக்குள் இருக்கும் ஈரத்தை எடுத்தே இறுகும், ஆனால் இறுகிய பிறகு பிரித்தெடுப்பது பெரும் பாடு. எம்.டி.ஏ. என்ற பல் சிமெண்ட் இதன் மூத்த உறவு, 1990களில் வந்தது, வேரில் ஓட்டை விழுந்தால் அடைக்க அருமை. ஆனால் பல் கறுக்க வாய்ப்புண்டு, முன்பல் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குப் போட்டது பயோசெராமிக். கொப்புளம் வற்றிவிட்டது, கடித்துச் சாப்பிடுகிறேன். அதற்குக் காரணம் அந்த விடுபட்ட கால்வாயைத் தேடிக் கழுவியதும் பல்லுக்கு மேலே உடனே உறை (கிரவுன்) மாட்டியதும்தான் என்பேன். பசை பெயரைக் கேட்பதற்கு முன்னால், ரப்பர் டேம் (எச்சில் உள்ளே போகாமல் பல்லைச் சுற்றிக் கட்டும் ரப்பர் தாள்) கட்டுவார்களா, மைக்ரோஸ்கோப் இருக்கிறதா, உறை எப்போது என்று கேளுங்கள்.

பயோசெராமிக் போட்ட பல்லை மறுபடி திறக்க வேண்டி வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்படி எடுத்தார்கள் என்று எழுதுங்கள்.