நம் கட்டடம் ஜெர்சி கம்பெனி பெயரில் இருக்கிறது, உண்மையான முதலாளி யார் என்று பார்க்க முடியுமா?

ஈஸ்ட்ஹாம்வாசி:
லண்டனில் லீஸ்ஹோல்ட் (நீண்டகாலக் குத்தகை) ஃபிளாட். இந்த வருட சர்வீஸ் சார்ஜ் (பொதுப் பராமரிப்புக் கட்டணம்) ஒரேயடியாக எகிறிவிட்டது. ஏன் என்று கேட்டால் மேனேஜிங் ஏஜென்ட் "ஃப்ரீஹோல்டர் முடிவு" என்பதோடு, அதாவது கட்டடத்தின் சொந்தக்காரர் முடிவு என்பதோடு, நிறுத்திக்கொள்கிறார். லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பணம் கட்டி டைட்டில் (சொத்துரிமைப் பதிவு) எடுத்தால் ஜெர்சி தீவில் பதிவான ஒரு கம்பெனி பெயர் மட்டும் இருக்கிறது. அதற்குப் பின்னால் யார் என்று எங்கே தேடுவது?

ஹாரோகணக்கர்:
கம்பெனீஸ் ஹவுஸ் (பிரிட்டனின் கம்பெனிப் பதிவகம்) தளத்தில் அந்தப் பெயரைத் தட்டுங்கள், காசு கிடையாது. ஓ.இ. என்று தொடங்கும் எண் வந்தால் இங்கே சொத்து வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் உண்மையான முதலாளிகளைக் காட்டும் பதிவேட்டில் இருக்கிறது என்று அர்த்தம். வருடக்கணக்காகக் கிடப்பில் கிடந்த திட்டம், உக்ரைன் போர் தொடங்கியதும் சில வாரங்களில் சட்டமாகி 2022 ஆகஸ்ட் 1 அன்று பதிவேடு திறந்தது. இங்கிலாந்து, வேல்ஸில் 1999 ஜனவரி 1 முதல் வாங்கிய சொத்துக்குப் பொருந்தும். 25 சதவீதத்துக்கு மேல் பங்கோ ஓட்டுரிமையோ உள்ளவர், அல்லது வேறு வகையில் பிடி வைத்திருப்பவர் பெயர் வர வேண்டும். மாற்றமே இல்லாவிட்டாலும் வருடா வருடம் உறுதி செய்ய வேண்டும். பதியாவிட்டால் சிறை, தினசரி அபராதம் என்றெல்லாம் இருந்தாலும் நிஜமான கிடுக்கிப்பிடி வேறு: விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாதபடி டைட்டிலிலேயே தடை விழும். உங்கள் பிரதியில் ரெஸ்ட்ரிக்ஷன் என்ற வரியைப் பாருங்கள்.

க்ராய்டன்காரன்:
ரொம்ப ஆசை காட்டாதீர்கள் சார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து பேர் ஆளுக்கு 20 சதவீதம் வைத்திருந்தால் ஒருவர் பெயரும் வராது, சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஒரு டைரக்டர் பெயர்தான் வரும். டிரஸ்ட் (வேறொருவர் நலனுக்காகச் சொத்தை வைத்திருக்கும் ஏற்பாடு) என்றால், அதை நிர்வகிக்கும் டிரஸ்டி கம்பெனியோடு பாதை நின்றுவிடும். டிரஸ்ட் விவரத்தை 2025 ஆகஸ்ட் 31 முதல் விண்ணப்பித்துக் கேட்கலாம், ஆனால் உங்கள் பில்லுக்கு அது எதற்கு? 1985 லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 1, 2 பிரிவுகளைக் காட்டி எழுத்தில் கேளுங்கள், வீட்டுக்காரர் (உங்களுக்கு ஃப்ரீஹோல்டர்) பெயர், முகவரி, டைரக்டர்கள் பெயர் எல்லாம் 21 நாளில் தர வேண்டும். பில்லில் ஃப்ரீஹோல்டர் பெயரும் முகவரியும் இல்லையென்றால், அதே பெயரிலான 1987 சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி அதைத் தரும்வரை சர்வீஸ் சார்ஜ் கட்ட வேண்டிய கடனே அல்ல.

அடையாறுஅப்பா:
இடையில் ஒரு கேள்வி. சென்னையில் இருக்கிறேன், லண்டனில் ஒரு வீடு என் சொந்தப் பெயரில். நானும் பதிய வேண்டுமா?

ஹாரோகணக்கர்:
வேண்டாம் ஐயா, தனி ஆட்களுக்கு இது இல்லை. உங்கள் பிரைவேட் லிமிடெட் பெயரில் வாங்கியிருந்தால்தான். ஆனால் இந்திய வருமான வரிக் கணக்கில் ஷெட்யூல் எஃப்.ஏ.வில் (வெளிநாட்டுச் சொத்துப் பட்டியல்) அந்த வீட்டைக் காட்டுகிறீர்களா? விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம்.

ஈஸ்ட்ஹாம்வாசி:
ஓ.இ. எண் கிடைத்தது. க்ராய்டன் அண்ணன் சொன்னதுதான், டிரஸ்டி கம்பெனி. பில்லில் ஏஜென்ட் முகவரி மட்டும்தான் இருக்கிறது, இன்றே கடிதம் போடுகிறேன்.