கூந்தன்குளத்தில் ஒரு மாட்டுப் பொங்கல்

நான்கு நண்பர்கள் பாளையங்கோட்டையிலிருந்து கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு இருட்டோடு கிளம்பினோம். மூலைக்கரைப்பட்டி தாண்டியதும் வயல்களின் மேல் பனி முழங்கால் உயரத்துக்குப் படர்ந்திருந்தது. 2015 முதல் வருடாவருடம் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காகத்தான் இந்தப் பயணம். குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததை எல்லாம் எண்ணி, இ-பேர்ட் என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஆனால் உண்மையில் எங்களை இழுத்தது வரித்தலை வாத்துதான். நான் அதுவரை படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன்.

கரையில் இறங்கியதும் ஒரு தப்பு செய்துவிட்டோம். பேச்சு சுவாரசியத்தில் கார் கதவை ஓங்கிச் சாத்த, பக்கத்துத் தண்ணீரில் கிடந்த ஊசிவால் வாத்துகள் மொத்தமும் எழும்பிவிட்டன. இரவெல்லாம் மேய்ந்துவிட்டு அப்போதுதான் கண்ணயர வந்தவை. மனசு கஷ்டமாகிவிட்டது. அதன் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

ஆறரை மணி இருக்கும். வயல் பக்கமிருந்து 'ஆங்... ஆங்...' என்று மூக்கால் கூப்பிடுகிற மாதிரி ஒரு சத்தம். பத்து, இருபது, பிறகு ஒரு பெரிய வரிசை. சிறகை விறைப்பாக வளைத்துச் சறுக்கிக்கொண்டே தண்ணீரில் இறங்கின. ஸ்கோப் என்கிற தொலைநோக்கியில் ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டைகள். மேல் பட்டை ஒரு கண்ணிலிருந்து மறு கண் வரை போகிறது, கீழே இருப்பது கொஞ்சம் குட்டை. மஞ்சள் அலகின் நுனியில் மட்டும் கறுப்பு. அலகிலிருந்து தண்ணீர் சொட்டுவது வரை தெரிந்தது. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி வருகிற இனம். 7,000 மீட்டருக்கும் மேலே பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். காற்று அவ்வளவு மெலிந்த உயரத்திலும் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும் ரத்தம் அதற்கு. அப்படிப்பட்ட பறவை நாங்குநேரித் தாலுகாவில் ஒரு குளத்தில் ஒற்றைக் காலில் நின்று தூங்குவதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் 63 எண்ணினேன், நண்பன் 65 என்றான். மறுபடி எண்ணினோம், 65தான்.

அப்புறம் ஊருக்குள் நடந்தோம். இங்கே மஞ்சள் மூக்கு நாரைகள் தெருவோர மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஒன்று வேப்பங்குச்சியை அலகில் கவ்வி ஒடிக்கப் பார்த்தது. பச்சைக் குச்சி, வளைகிறதே தவிர ஒடியவில்லை. உடம்பையே பின்னால் சாய்த்து இழுத்துப் பார்த்து, கடைசியில் திருகி எடுத்துக்கொண்டு போய் ஜோடியிடம் கொடுத்தது. அது வாங்கிச் செருகியது, பிடிக்காமல் உருவி வேறு இடத்தில் செருகியது.

அந்த மரத்தடி வீட்டு வாசலில் ஓர் ஆச்சி பொங்கல் கோலத்துக்கு வண்ணம் போட்டுக்கொண்டிருந்தார். வாசலுக்கு நேராக இல்லாமல் நன்றாகத் தள்ளிக் கோலம். ஏன் ஆச்சி என்றேன். "மேல பாருங்கய்யா. அது எங்க கூடு வைக்கோ, எச்சம் விழாத இடமாப் பாத்துத்தான் நான் புள்ளி வைக்கணும். வருசா வருசம் இப்படித்தான்" என்றார். தீபாவளிக்கு வெடி போடாத ஊர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதைக் கேட்டதற்கு, "வெடி போட்டா எப்படிய்யா வரும்?" என்று மட்டும் சொல்லிவிட்டு நீல வண்ணத்தை எடுத்தார். எச்சம் கலந்த குளத்து வண்டலைக் கோடையில் வயலுக்கு அள்ளிப் போடுகிறவர்கள் இவர்கள். 1994-ல் அரசு சரணாலயமாக அறிவிப்பதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இவர்கள்தான் காவல்.

சாயங்காலம் வரை இருந்தோம். வெளிச்சம் மங்கியதும் வரித்தலை வாத்துகள் கூப்பிட ஆரம்பித்தன. ஒரே நேரத்தில் எழும்பி, எங்கள் தலைக்கு மேலாகவே வயலுக்குப் போயின. சிறகடிக்கும் காற்றுச் சத்தம் தெளிவாகக் கேட்டது. திரும்பி வந்து காரில் ஏறி, கதவை மெல்லச் சாத்தினோம்.