அழுத்தி மிதித்தால் டர்போ வண்டியின் இழுவை திடீரென்று போய்விடுகிறது, எங்கிருந்து தேடுவது?

கேள்வி:

வணக்கம். என்னுடையது 1.5 லிட்டர் டர்போ டீசல், மேனுவல் கியர். நிதானமாக ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. ஏற்றத்திலோ, முன்னால் போகும் லாரியைத் தாண்டும்போதோ, மூன்றாவது நான்காவது கியரில் அழுத்தி மிதித்தால் 2500 ஆர்பிஎம் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இழுவை சட்டென்று போய்விடுகிறது. என்ஜின் அணைவதில்லை, உதறுவதும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தாலும் டர்போவே இல்லாத வண்டி மாதிரிதான் போகிறது. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் பழையபடி ஓடுகிறது, அடுத்த முறை அழுத்தும் வரை. என்ஜின் விளக்கு சில நேரம் எரிகிறது, சில நேரம் எரிவதில்லை.

மெக்கானிக் ஓட்டிக்கூடப் பார்க்காமல் டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டும் சமீபத்தில்தான் மாற்றப்பட்டவை. எதிரே வண்டி வரும் நேரத்தில் ஒருமுறை இப்படி ஆனதிலிருந்து தாண்டவே பயமாக இருக்கிறது. டர்போவில் கை வைப்பதற்கு முன் வேறு எதையெல்லாம் பார்க்கச் சொல்வீர்கள்?

பதில் 1:

இப்போதைக்கு டர்போவைத் தொடவே வேண்டாம். சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் பெரிய தடயம். உடைந்த டர்போ சாவியைத் திருப்பியதும் குணமாகாது. உங்கள் வண்டி லிம்ப் மோடுக்குப் போகிறது. இவ்வளவு பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) வேண்டும் என்று ஈசியூ, அதாவது என்ஜினை நடத்தும் கணினி, ஒரு இலக்கு வைத்திருக்கும், சென்சார் காட்டும் அழுத்தம் அதிலிருந்து ரொம்ப விலகி அப்படியே சில நொடிகள் நின்றால், என்ஜினைக் காப்பாற்ற டீசலைக் குறைத்துவிடும், பூஸ்ட்டையும் வெட்டிவிடும்.

விளக்கு எரியாவிட்டாலும் கோளாறைக் குறிக்கும் கோட் உள்ளே பதிவாகியிருக்க வாய்ப்பு உண்டு. முதலில் ஸ்கேனர் போட்டுப் படியுங்கள், குறித்துக்கொள்ளாமல் அழிக்காதீர்கள். பி0299 வந்தால் பூஸ்ட் போதவில்லை என்று அர்த்தம், பி0234 என்றால் பூஸ்ட் அளவுக்கு மீறிப் போகிறது, பி0087 என்றால் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாயில்) டீசல் அழுத்தம் குறைகிறது. மூன்றுக்கும் ஓட்டுபவருக்குத் தெரியும் அறிகுறி கிட்டத்தட்ட ஒன்றுதான், தேட வேண்டிய இடம் மட்டும் முற்றிலும் வேறு. அதனால்தான் கோட் பார்க்காமல் டர்போவை மாற்றச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

அப்புறம் லைவ் டேட்டா, அதாவது ஓடும்போதே ஸ்கேனர் காட்டும் அளவுகள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, காலியான சாலையில் மூன்றாவது கியரில் முழுதாக மிதித்து, இலக்கு பூஸ்ட், உண்மையான பூஸ்ட், ரெயில் அழுத்தம் இந்த மூன்றையும் பதிவு செய்யுங்கள். அதற்கு முன் என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து மேப் சென்சார் (இன்டேக்கில் காற்றழுத்தத்தை அளப்பது) என்ன காட்டுகிறது என்று பாருங்கள். கடல் மட்டத்தை ஒட்டிய இடமென்றால் 100 கேபிஏ பக்கத்தில் இருக்க வேண்டும், உயரமான இடத்தில் குறையும். அதிலேயே தப்பு என்றால் சென்சார் கரி பிடித்திருக்கலாம்.

பதில் 2:

மேலே சொன்னது எல்லாம் சரி. பி0299 வந்தால் முதலில் காற்று போகும் ஹோஸ். டர்போவிலிருந்து அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வரை, இன்டர்கூலரிலிருந்து இன்டேக் வரை, ஒரு அங்குலம் விடாமல். போனட்டைத் திறந்து மேலே இருந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்று மூடிவிடக் கூடாது. ஹோஸ் பெரும்பாலும் அடிப்பக்கம்தான் கிழியும், ஐடிலில் அந்தக் கிழிசல் மூடியே இருக்கும், உள்ளே அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும். கையால் வளைத்து, மடிப்புகளுக்கு நடுவே விரலை ஓட்டிப் பாருங்கள். வெளிப்பக்கம் எண்ணெய் கசிந்து அதில் தூசி அப்பியிருக்கும் இடம் தெரிந்தால் அங்கேதான் காற்று போகிறது. கிளாம்ப் இறுக்கமாக இருந்தும் ஹோஸ் முனை சற்று நழுவி உட்கார்ந்திருப்பதும் உண்டு. மிதிக்கும்போது உஸ்ஸென்று சத்தம் வருகிறதா, பின்னால் கரும்புகை தள்ளுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

கண்ணுக்குச் சிக்கவில்லை என்றால் டர்போவின் காற்று நுழையும் வாயை அடைத்து, உள்ளே காற்று ஏற்றி, சோப்பு நீர் தெளித்துப் பார்க்கலாம். 1 பாருக்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஸரின் முழு அழுத்தத்தையும் திறந்துவிட்டால் அடைப்பு தெறித்து முகத்தில் அடிக்கும்.

அதே வாய் வழியாக டர்போவின் வீலையும் தொட்டுப் பார்த்துவிடலாம். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருப்பது சகஜம். முன்னும் பின்னும் ஆடினாலோ, பிளேடு நுனிகள் உறையில் உரசிய தடம் இருந்தாலோ, நீலப்புகை, சைரன் மாதிரி ஊளை, எண்ணெய் குறைவது இதெல்லாம் சேர்ந்து வந்தாலோ அப்போது டர்போவைச் சந்தேகியுங்கள்.

பதில் 3:

எனக்கு வேக்யூம் பக்கம்தான் சந்தேகம். பல டீசல்களில் டர்போவின் வேன்களை (உள்ளே புகையின் பாய்ச்சலைத் திருப்பும் சின்னத் தகடுகளை) அசைப்பது வேக்யூமில் இயங்கும் ஒரு ஆக்சுவேட்டர். ஸ்டார்ட் செய்ததும் அதன் ராடு இழுக்கப்பட வேண்டும், அணைத்ததும் திரும்பி வர வேண்டும், இரண்டுமே தடங்கலில்லாமல். திக்கித் திக்கி நகர்ந்தால் உள்ளே கரி பிடித்து வேன்கள் ஒட்டுகின்றன. எப்போதும் குறைந்த ஆர்பிஎம்மிலேயே ஓட்டுகிற வண்டிகளில் இது அதிகம். மூடிய நிலையில் சிக்கினால் பூஸ்ட் எகிறி பி0234, திறந்த நிலையில் சிக்கினால் பி0299. கையால் இயக்கும் வேக்யூம் பம்பை மாட்டி இழுத்துவிட்டு, முள் கீழே இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். இறங்கினால் ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் (சவ்வு) கிழிந்திருக்கிறது. சூடான பாகங்களை ஒட்டிப் போகும் மெல்லிய வேக்யூம் குழாய்கள் காய்ந்து வெடித்திருக்கும், அவற்றையும் வேக்யூமைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டு வால்வையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் வண்டியில் எலக்ட்ரானிக் ஆக்சுவேட்டர் என்றால் இந்த வேக்யூம் சோதனை பொருந்தாது, ஸ்கேனர் வழியாகவே அதை இயக்கிப் பார்க்க வேண்டும்.

டர்போ பெட்ரோல் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: மிதிக்கும்போது வண்டி உதறி, காலை எடுத்ததும் உடனே சரியானால் பூஸ்ட்டைத் தேடும் முன் ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் பாருங்கள். பூஸ்ட் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் பொறி தாவுவதற்கு அதிக வோல்டேஜ் தேவை, தேய்ந்த பிளக் அங்கேதான் கைவிடும். விளக்கு மின்னி மின்னி எரிந்தால் உடனே காலைத் தளர்த்துங்கள், எரியாத பெட்ரோல் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. கோட் பி0299 மட்டும்தான். சாவி ஆன் செய்தபோது மேப் 100. மூன்றாவது கியரில் 2600 ஆர்பிஎம்மில் இலக்கு 215 கேபிஏ, உண்மையில் வந்தது 150தான், அதற்கடுத்த நொடியே லிம்ப். ரெயில் அழுத்தம் இலக்கோடு ஒட்டியே போகிறது. ராடு தடங்கலில்லாமல் நகர்கிறது. பின்னால் வந்த நண்பர் கரும்புகை வந்தது என்றார்.

கீழ்மூடியைக் கழற்றிப் பார்த்தால் இன்டர்கூலரிலிருந்து இன்டேக்குக்குப் போகும் ஹோஸின் அடியில், ஒரு பிராக்கெட்டின் விளிம்பு உரசும் இடத்தில், நகத்தின் நீளத்துக்குக் கிழிசல். வளைத்தால்தான் தெரிகிறது, சுற்றிலும் எண்ணெயும் மண்ணும். ஹோஸை மாற்றி, பி0299 கோட் பதிவை அழித்து, அதே சாலையில் மறுபடி பதிவு செய்தேன். இலக்கு பூஸ்ட், உண்மையான பூஸ்ட் இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன, லிம்ப் வரவில்லை. டர்போ வீலில் முன்பின் ஆட்டமும் இல்லை.

பதில் 1:

ரொம்ப மகிழ்ச்சி. அந்த பிராக்கெட்டை அப்படியே விட்டுவிடாதீர்கள், லேசாக வளைத்தோ விளிம்பில் ரப்பர் வைத்தோ ஹோஸிலிருந்து விலக்குங்கள், இல்லையென்றால் புது ஹோஸும் அதே இடத்தில்தான் போகும். மாட்டும்போது குழாய் முனையில் இருந்த எண்ணெயைத் துடைத்தீர்களா? துடைக்காவிட்டால் பூஸ்ட் ஏறும்போது வழுக்கிக் கழன்றுவரும். அப்புறம், வண்டியில் டிபிஎஃப் (புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருந்தால் இவ்வளவு நாள் தள்ளிய கரும்புகையின் கரி அதில்தான் சேர்ந்திருக்கும். ஸ்கேனரில் அதன் அளவைப் பாருங்கள், அந்தக் கரியை எரித்துத் தள்ளும் ரீஜெனரேஷன் தொடங்கினால் நடுவில் அணைக்காமல் முடியும் வரை ஓட்டுங்கள்.