நிச்சயதார்த்த மோதிரம்: கல்லை இப்படிப் பதிப்பதற்கு என்ன பேர்?

தை மாசம் நிச்சயதார்த்தம், மோதிரத்தை ஆர்டர் கொடுத்துச் செய்யலாம் என்று தி.நகரில் விசாரித்தால் எல்லாக் கடையிலும் முதலில் கேட்பது ஓபன் செட்டிங்கா, க்ளோஸ் செட்டிங்கா என்றுதான். அது கல்லின் அடிப்பக்கம் திறந்திருக்கிறதா, தங்கத்தால் மூடியிருக்கிறதா என்கிற கணக்கு. எங்களுக்கு ஓபன்தான், அதில் குழப்பம் இல்லை. நான் கேட்பது கல்லைச் சுற்றிப் பிடிக்கிற விதத்தை.

வட்டமான ஒற்றை வைரம். இடமும் வலமும் மட்டும் மெல்லிய தங்க விளிம்பு கல்லோடு சேர்ந்து வளைந்து பிடிக்கணும், நகத்துப் பக்கமும் மணிக்கட்டுப் பக்கமும் கல்லின் ஓரம் அப்படியே தெரியணும். முழுக்கச் சுற்றி விளிம்பு வந்தால் அது பெசல், அதைக் காட்டினார்கள், அழகுதான், ஆனால் மோதிரம் போட்டுக்கொள்ளப்போகிறவளுக்கு அது வேண்டாமாம். இரண்டு பக்கமும் நேர்க்கம்பி நிற்கிற பார் செட்டிங்கும் இல்லை. டிஃபனி நகைக் கம்பெனி 1886-இல் கொண்டுவந்த ஆறு பிராங் (கல்லைப் பிடிக்கிற கொக்கிக் கம்பி) மாடல் மாதிரி கல்லைத் தூக்கி நிறுத்துவது வேண்டவே வேண்டாம், அவள் நர்ஸ், நாள் முழுக்கக் கையுறை மாட்டிக் கழற்றுகிறவள், பிராங் நுனி அதில் மாட்டிக் கிழித்துவிடும். அதனால் உயரமும் கம்மியாக இருக்கணும்.

ஹாஃப் பெசல் என்று சொன்னால் ஆசாரிக்குச் சட்டென்று புரியுமா, இல்லை பட்டறையில் இதற்கு வேறு பேர் இருக்கிறதா? சௌகார்பேட்டைப் பக்கம் 18 காரட்டில் இப்படிச் செய்து வாங்கியவர்கள் இருந்தால் பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்று போடுங்களேன், கடையில் காட்டிக் கேட்க ரொம்ப உதவியாக இருக்கும்.