அத்தை மகனுக்குக் கருணை மனு: என்ன எழுதலாம், எங்கே கொடுக்க வேண்டும்?

உசிலம்பட்டிக்காரன்:
வணக்கம். என் அத்தை மகனுக்கு இரட்டைக் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது, உச்ச நீதிமன்றத்தில் போட்ட மேல்முறையீடும் தள்ளுபடி ஆகிவிட்டது. போன புதன்கிழமை சிறைக் கண்காணிப்பாளர் அவனிடம் சொல்லி, காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். சனிக்கிழமை சிறையில் மனு போட்டு அவனைப் பார்த்தேன். "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சிருச்சா மச்சான்" என்று அதையே இரண்டு தடவை கேட்டான், தண்டனையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊரில் விவரம் தெரிந்த ஒருவர் மூன்று பக்கத்துக்கு மனு டைப் அடித்துக் கொடுத்தார். பையன் நிரபராதி, போலீஸ் ஜோடித்த வழக்கு, செத்தவர்கள்தான் வம்பு இழுத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. படித்துக் காட்டினேன். அத்தை கைநாட்டு வைக்க மாட்டேன் என்றுவிட்டார். "அவன் செஞ்சது எனக்குத் தெரியும்டா, அதை இல்லைன்னு சொல்லி உசுரு கேட்க மாட்டேன்" என்கிறார். குற்றத்தை ஒப்புக்கொண்டு கருணை கேட்க முடியுமா? தங்கச்சிமடம் மீனவர்கள் ஐந்து பேருக்கு இலங்கையில் தூக்கு என்று சொல்லி, அப்புறம் விட்டார்களே, அந்த மாதிரி நம் அரசு பேசினால் நடக்குமா?

ஒத்தக்கடை வக்கீல்:
தம்பி, முதலில் காலண்டரை எடுங்கள். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ். பிரிவு 472) கண்காணிப்பாளர் தகவல் சொன்ன நாளிலிருந்து 30 நாள்தான். முதலில் ஆளுநரிடம், அரசியல் சாசனம் 161-ன் கீழ். அங்கே தள்ளுபடி ஆனால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவரிடம், அது அரசியல் சாசனம் 72-ன் கீழ். கைதியே கொடுக்கலாம், வாரிசோ உறவினரோ கொடுக்கலாம், ஆகவே அத்தை பெயரிலேயே போடலாம். உச்ச நீதிமன்றத்தில் சீராய்வு மனு (தீர்ப்பை அதே நீதிமன்றம் திரும்பப் பார்க்கக் கேட்பது) பாக்கி இருக்கிறதா என்று வழக்கை நடத்திய வக்கீலிடம் இன்றைக்கே கேளுங்கள், அதற்கும் தீர்ப்பு வந்த நாளிலிருந்து 30 நாள்தான். தூக்கு வழக்கு என்றால் சீராய்வையும் மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்று 2014-இல் தீர்ப்பு இருக்கிறது. கையில் காசு இல்லாவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

ஒப்புக்கொண்டு தாராளமாகக் கேட்கலாம். கருணை என்பதே தண்டனையைக் குறைக்கக் கேட்பதுதான், தீர்ப்பு தப்பு என்று நிரூபித்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. சாட்சியத்தைத் திரும்பப் பார்க்கவும் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் உண்டு, 1988-இல், இந்திரா காந்தி கொலையில் தூக்குத் தண்டனை பெற்ற கேஹர் சிங்கின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சொன்னது. அதனால் வழக்கில் உண்மையிலேயே ஓட்டை இருந்தால் எழுதுங்கள். பெற்ற தாயே நம்பாத ஒன்றை மட்டும் எழுதாதீர்கள்.

மீனவர்கள் விஷயம் வேறு. அது இரண்டு அரசுகள் பேசி, 2014 நவம்பரில் இலங்கை அதிபர் மன்னித்தது. பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவருக்கும் 2014 பிப்ரவரியில் தூக்கு ஆயுளானதற்குக் காரணம், அவர்களுடைய மனு 11 ஆண்டு கிடந்ததுதான். தாமதத்தை நம்பி நாம் உட்கார்ந்திருக்க முடியாது.

ஓய்வுபெற்ற வார்டர்:
நான் 26 வருஷம் சிறையில் வேலை பார்த்தவன். பையன் உள்ளே போய் என்ன செய்தான் என்று விசாரியுங்கள். பத்தாவது எழுதினானா, தையல் கற்றானா, யாருக்காவது கடிதம் எழுதிக் கொடுத்தானா? நடத்தைப் பதிவேட்டில் தண்டனை எதுவும் இல்லையென்றால் அதன் நகலைக் கேட்டு மனுவோடு சேருங்கள். பள்ளிக்கூட டி.சி., சின்ன வயதில் வைத்தியம் பார்த்த சீட்டு, அப்பா செத்த சான்றிதழ், எதையும் விடாதீர்கள். "நல்லவன்" என்று பத்துப் பேர் கையெழுத்துப் போடுவதைவிட, பள்ளியில் பாடம் எடுத்த வாத்தியார் அவனைப் பற்றித் தெரிந்த ஒரு சம்பவத்தைத் தன் கையால் எழுதிக் கொடுத்தால் அதற்கு மதிப்பு அதிகம்.

திருமங்கலம் செல்வி:
நான் மறுபக்கத்து ஆள். எங்கள் சித்தப்பாவை வெட்டிக் கொன்றார்கள். கோர்ட்டில் எதிர்தரப்பு வக்கீல் "இறந்தவர் குடிகாரர், எல்லோரிடமும் சண்டை பிடிப்பவர்" என்று சொன்னபோது சித்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. கொன்றவனைத் தூக்கில் போடு என்று நாங்கள் கேட்கவில்லை, அந்த வார்த்தையைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. அந்த மூன்று பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள் அண்ணே. செத்த இரண்டு பேர் பெயரையும் மரியாதையாக எழுதுங்கள். அவர்கள் வீட்டில் கையெழுத்து கேட்டு மட்டும் போய் நிற்காதீர்கள்.

உசிலம்பட்டிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. கிழித்துவிட்டேன். நேற்று ராத்திரி அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அப்பா செத்தபோது அவனுக்கு ஒன்பது வயது, பள்ளிக்கூடத்தை விட்டு செங்கல் சூளைக்குப் போனான், அங்கே ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டு வந்து மூன்று நாள் அத்தையிடமே மறைத்தான் என்று வரிசையாகச் சொன்னார். இதெல்லாம் எனக்கே தெரியாது. செத்த இரண்டு பேரின் பெயரையும் முதல் பத்தியிலேயே எழுதச் சொன்னார், "ஐயா" என்று சேர்த்து. டி.சி. வாங்க நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். புதன்கிழமையிலிருந்து கணக்குப் பார்த்தால் இன்னும் 22 நாள் இருக்கிறது. வக்கீல் அண்ணே, மனுவைச் சிறைக் கண்காணிப்பாளர் கையில் கொடுத்தால் முத்திரை போட்டு ரசீது கொடுப்பார்களா?